ஒரு கைப்பிடி எரு

காட்டுப்பாளையம்,
திருச்செங்கோடு வட்டம்.
24-8-1980

அன்புள்ள தம்பி மருதாசலத்துக்கு அக்கா சௌந்திரம் எழுதுவது.

இங்கே நானும் மாடு கன்றும் சுகம். உன் மாமா போர்வெல் போடும் ரிக் லாரியோடு கர்நூல் பக்கம் போய் இருபது நாள் ஆகிறது. அவரும் சுகம் என்று கார்டு வந்தது. கெங்கவல்லியில் நீயும் சென்னியம்மாளும் பாப்பாவும் சுகமா? பாப்பாவுக்குப் பல் முளைத்ததா?

உன் களைமருந்துக் கம்பெனி ஆட்கள் நேற்று வந்து காலண்டருக்குப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு ஜீப்பு, நாலு பேர். அதில் ஒருவன் வந்ததிலிருந்து போகும்வரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே நின்றான், என் வீட்டு எருமைதான் நாறுகிற மாதிரி. சோளக்காட்டுக்குள் நிற்க என்னைப் பட்டுச் சேலை கட்டச் சொன்னார்கள். கட்டினேன். பிறகு மருந்தடிக்கும் தெளிப்பானை என் முதுகில் மாட்டி, "சிரிங்கம்மா" என்றார்கள். ஆறு வருஷமாக அதைச் சுமப்பவன் பண்ணையாள் சின்னான். நான் தொட்டதுகூட இல்லை. அடியில் ஒழுகி, பருத்திக்கு அடித்த பழைய பூச்சிமருந்தும் சேர்ந்து என் ரவிக்கையில் இறங்கிவிட்டது. மூன்று தடவை சீயக்காய் போட்டுக் குளித்தும் நாற்றம் போகவில்லை. சோற்றில் கை வைத்தால் குமட்டுகிறது.

ஆனாலும் பொய் சொல்வானேன், காட்டைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. புல் பூண்டு ஒன்று இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பது உனக்கும் எனக்கும் குப்பாயிக்கும்தான் தெரியும். விதைத்த மூன்றாம் நாள் ஈரத்தில் மருந்து அடித்தும் இந்தத் தடவை குப்பைக்கீரை மட்டும் சாகவில்லை. போன வருஷம் பத்திருபது செடி நின்றது. இந்த வருஷம் திட்டுத் திட்டாக நின்றது. பத்து நாளைக்கு முன்னால் நீயே வந்து அதன் தலையிலேயே இன்னொரு தடவை அடித்துவிட்டுப் போனாய். இலை ஓரம் கருகியது, நாலாம் நாள் துளிர்த்துவிட்டது. "படம் புடிக்க வாரதுக்கு முந்தி ஆளை உட்டுப் புடுங்கிருங்க அக்கா" என்று நீ சொன்னபடி குப்பாயியையும் அவளோடு களையெடுக்கும் எட்டுப் பெண்களையும் கூப்பிட்டுப் பிடுங்கினேன். இரண்டு வண்டி வந்தது. போன வருஷத்தைப் போலவே எல்லாம் குப்பைக்குழிக்குப் போயிற்று. இளசாக இருந்ததைப் பெண்கள் குழம்புக்கு என்று மடியில் கட்டிக்கொண்டார்கள். அதைத் தின்னலாமா என்று நீ வந்த அன்றைக்கே உன்னைக் கேட்டேன். "அந்த மருந்து உப்பு மாதிரிதானுங்க அக்கா, தாராளமாத் திங்கலாம்" என்றாய்.

ஆறு வருஷமாகச் செத்த கீரை இப்போது ஏன் சாகமாட்டேன் என்கிறது? நீ படித்தவன், சொல்.

கெங்கவல்லிக் குடியானவர்களுக்கு என்று நீ கேட்ட விதைச்சோளம் பன்னிரண்டு பை லாரியில் வருகிறது. நம் வீட்டு வழக்கப்படி ஒவ்வொரு பையிலும் நம் குப்பைக்குழி எரு ஒரு கைப்பிடி துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். அதை முதலில் காட்டின் சனிமூலையில் போட்டுவிட்டு அப்புறம் விதைக்கச் சொல். எரு இல்லாமல் விதை கொடுத்தால் கொடுத்ததாகாது என்று அம்மா சொல்வாள், உனக்கு ஞாபகம் இருக்கும்.

பாப்பாவுக்கு முத்தம்.

அக்கா,
சௌந்திரம்


கெங்கவல்லி,
12-9-1980

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்குத் தம்பி மருதாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

தங்கள் ஆசியால் இங்கு மூவரும் நலம். பாப்பாவுக்கு நாலு பல் வந்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். தங்கள் நலமும் மாமா நலமும் அறிய ஆசை.

படம் பிரமாதமாக வந்திருப்பதாகச் சேலம் ஆபீசில் பேச்சு. மேலதிகாரி என் தோளில் தட்டிக் கொடுத்தார். தை மாதம் நாலு ஜில்லாவிலும் தாங்கள்தான் தொங்கப் போகிறீர்கள்! கீழே தங்கள் பெயரும் ஊரும் அச்சாகும்.

விதைப் பைகள் சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. மருந்து வாங்கிய பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். எருவை முடிந்து அனுப்பியதைப் பார்த்து இவ்வூர்க்காரர்கள் நெகிழ்ந்துபோனார்கள். இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு பெரியவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கள் பெயரைச் சொன்னால் இங்கே மறுபேச்சு இல்லை.

இங்கு நல்ல மழை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

தங்கள் அன்புத் தம்பி,
மருதாசலம்


காட்டுப்பாளையம்,
25-1-1981

தம்பி மருதாசலத்துக்கு அக்கா எழுதுவது.

சுகம். பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று கரும்பு வாங்கி வைத்திருந்தேன். வேலை இருந்திருக்கும். பாப்பா நடக்கிறாளா?

காலண்டர் வந்தது. நீ அனுப்பிய கட்டிலிருந்து ஒன்றும் மாட்டவில்லை, மாட்டவும் மாட்டேன். ஆனால் நான் மாட்டாவிட்டால் என்ன, ஊர் முழுக்க மாட்டியிருக்கிறது. சலூனில் கண்ணாடிக்கு மேலே நான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் புகை படிந்து கறுத்துப்போய் நான். மாட்டுத் தரகன் அங்கமுத்து வீட்டுக் கொட்டகையில் ஈ எச்சம் பட்ட மூக்கோடு நான். சந்தையில் ஒருவன் என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க அந்தக் காலண்டரு அம்மா தானுங்களே? உங்க மூஞ்சிய நம்பித்தானுங்க மருந்து வாங்குனேன்" என்று கும்பிட்டான். கும்பிடுகிறவனைப் பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது. அவன்மேல் அல்ல, என்மேல்தான்.

தை விதைப்புக்குப் பழையபடி மருந்து அடித்தாயிற்று. எரு கொட்டிய இடமெல்லாம் கீரை. திட்டுக்கூட இல்லை இப்போது, பாய் விரித்த மாதிரி இருக்கிறது. எல்லாக் களையும் செத்துப்போய் அதற்கு இடம் ஒழித்துக் கொடுத்திருக்கிறது. ஏன் சாகவில்லை என்று போன கடிதத்தில் கேட்டேன். நீ பாப்பாவின் பல்லை எண்ணி எழுதினாய். மறுபடி கேட்கிறேன்.

குப்பாயியைக் கூப்பிடலாம் என்று ஆள் விட்டேன். படம் பிடிப்பதற்கு முந்தின நாள் கீரை கொண்டுபோனாளே, அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு, வாந்தி என்று அப்போது சொல்லியிருந்தாள். மழைத் தண்ணீரால் இருக்கும் என்று நானே சொல்லி அனுப்பினேன். இப்போது வீடு பூட்டிக் கிடக்கிறது. இருபது வருஷம் நம் காட்டில் குனிந்தவள். மருந்து வந்ததிலிருந்து வருஷத்துக்கு நாலு நாள் வேலைகூடக் கொடுக்கவில்லை, பிழைக்க வேண்டாமா? குடும்பத்தோடு தறிக்குப் போய்விட்டாளாம். பள்ளிபாளையம் என்கிறான் ஒருவன், குமாரபாளையம் என்கிறான் இன்னொருவன். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பதில் எழுது. சென்னியம்மாளைக் கேட்டதாகச் சொல்.

சௌந்திரம்


கெங்கவல்லி,
6-5-1981

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு வணக்கம்.

இறைவன் அருளால் இங்கே யாவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பாப்பா ஓடுகிறாள், பிடிக்க முடியவில்லை. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும், ஓயாத அலைச்சல்.

கீரை விஷயம். சில செடிகள் சற்று முரடாக இருப்பது இயல்பு. அடுத்த விதைப்புக்கு மருந்தை இரட்டிப்பாகக் கலந்து அடிக்கச் சொல்லவும். பெட்டி லாரியில் வருகிறது, இது என் அன்பளிப்பு. தயவுசெய்து அக்கம்பக்கத்தில் இதைப் பேச வேண்டாம். வீண் குழப்பம்தானே.

வெயில் கடுமை. மோர் நிறையக் குடிக்கவும்.

தம்பி,
மருதாசலம்


காட்டுப்பாளையம்,
10-8-1981

தம்பிக்கு,

இருக்கிறேன். அங்கே சுகமா?

இரட்டிப்பாக அடித்தேன். கேள்.

சோளமே மஞ்சள் பூத்துவிட்டது. வரப்போரம் நான் ஊன்றியிருந்த தட்டைப்பயறும் அவரையும் முளைத்த அன்றே கருகின. மண்புழுவைக் கண்ணால் காணவில்லை. குப்பைக்கீரை மட்டும் என் இடுப்புக்கு நிற்கிறது, தண்டு என் பெருவிரல் கனம். இப்படிச் செழிப்பான கீரையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மலத்தில் முளைத்த பூசணியைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

மருந்தடித்த அன்று சின்னான் மூன்று தடவை வாந்தி எடுத்தான். தெளிப்பானைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, "இனி இதைத் தொடமாட்டேனுங்க. அடிச்சாச் சாவோணும், இல்லாட்டி அடிக்காம இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். எழுத்து வாசனை இல்லாதவன். கம்பெனியில் படித்த உங்களுக்கெல்லாம் வராத வார்த்தை அவனுக்கு வந்தது.

நான் ஒருத்தியாகக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு நாளைக்கு நாலு பாத்திகூட முடியவில்லை. முட்டி வீங்கிவிட்டது. ஆள் கூப்பிட்டால், "மருந்துக்காரம்மா ஊட்டுக்கு ஆள் எதுக்குங்க?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் செய்ததற்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி?

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். ஏன் சாகவில்லை?

சௌந்திரம்


கெங்கவல்லி கிழக்குக்காடு,
18-10-1981

காட்டுப்பாளையம் அம்மா சௌந்திரம் அவர்கள் சமூகத்துக்கு, கெங்கவல்லி அம்மாசி பணிவோடு எழுதும் கடிதம்.

அம்மா, நீங்களும் உங்கள் வீட்டாரும் ஆடுமாடுகளும் நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் ஒருவிதமாக இருக்கிறோம். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் என் வீட்டுச் சுவரில் பார்க்கிறேன். அதில் போட்டிருக்கிற முகவரிக்குத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுக்க வேண்டும்.

போன வருஷம் உங்கள் தம்பி ஐயா கையால் உங்கள் வீட்டு விதைச்சோளம் ஒரு பை கிடைத்தது. கூடவே எருவும் இருந்தது. முகம் தெரியாத எங்களுக்கு எரு முடிந்து அனுப்பினீர்களே, அந்த மனசு யாருக்கு வரும்? நீங்கள் சொல்லி அனுப்பியபடியே சனிமூலையில் போட்டுவிட்டுத்தான் விதைத்தேன். மருந்தும் அடித்தேன். காடு சுத்தமாக இருந்தது. அந்த மூலையில் மட்டும் குப்பைக்கீரை பத்துச் செடி நின்றது. எருவின் சத்து, விட்டுவிடுவோம் என்று விட்டுவிட்டேன். இந்த வருஷம் அந்த மூலையிலிருந்து கிளம்பிக் கால் ஏக்கர் பிடித்துவிட்டது. மருந்துக்கு அடங்கவில்லை. என்னோடு விதை வாங்கியவர்களில் ஐந்து பேர் காட்டிலும் அப்படியே.

உங்கள் தம்பி ஐயாவைக் கேட்டால், "எங்க அக்கா காட்டுல வந்து பாருங்க, ஒரு கீரை இருக்காது. நீங்க அடிக்கத் தெரியாம அடிக்கிறீங்க" என்கிறார். உண்மையாகத்தான் இருக்கும். எனக்கு இருப்பது இரண்டு ஏக்கர். நானும் என் பெண்பிள்ளைகள் மூன்று பேரும் இதை நம்பித்தான் இருக்கிறோம். வரும் தையில் என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் எப்படி அடிக்கிறீர்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ள நானும் நாலு பேரும் கார்த்திகைக் கடைசியில் உங்கள் ஊருக்கு வரலாமா? சாப்பாடு கட்டிக்கொண்டு வந்துவிடுவோம், உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அம்மாசி


காட்டுப்பாளையம்,
27-10-1981

மருதாசலம்,

அம்மாசி என்கிறவர் எழுதிய கடிதத்தைப் பார்த்தெழுதி இதோடு வைத்திருக்கிறேன். சோற்றுக்கு முன்னால் படிக்காதே.

படித்துவிட்டாயா? 'எருவின் சத்து.' அந்த மனிதர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வருஷமாக உன் மருந்துக்குச் சாகாமல் நின்றதையெல்லாம் பிடுங்கி நான் எங்கே போட்டேன்? குப்பைக்குழியில். அதன் விதை சாணிக்குள் உட்கார்ந்துகொண்டது. அந்த எருவை என் காடு முழுக்கக் கொட்டினேன். போதாததற்கு என் கையால் அள்ளி, துணியில் முடிந்து, அம்மாவை நினைத்துக் கண்ணில் ஒற்றிப் பன்னிரண்டு வீட்டுக்கு அனுப்பினேன். நீ அதைக் கொடுத்து மருந்து விற்றாய். ஒரு வீட்டுக்குச் சீர் அனுப்புகிற மாதிரி நோயை அனுப்பியிருக்கிறேன். என் கையைப் பார்க்க எனக்கே கூசுகிறது.

நான் தெரியாமல் செய்தேன். நீ தெரியாமல் செய்தாயா? இந்தத் தடவை பல், நடை, ஓட்டம் ஒன்றும் எழுதாதே. இதற்கு மட்டும் பதில் எழுது.

சௌந்திரம்


கெங்கவல்லி,
9-11-1981

அக்கா அவர்களுக்கு,

நலம். நலம் வேண்டுகிறேன்.

உங்களிடம் மறைக்க முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் கோயமுத்தூரில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பெரிய அதிகாரி வெளிநாட்டு மக்காச்சோளக் காடுகளைத் திரையில் காட்டினார். ஒரே மருந்தை வருஷா வருஷம் அடித்தால் லட்சத்தில் ஒரு செடி தப்பிக்குமாம். தப்பியது மட்டும் விதை போடும். அந்த விதையில் முளைப்பதற்கு மருந்து வெறும் தண்ணீர். அவர் காட்டியதும் நம் குப்பைக்கீரையின் இனம்தான். நம் பக்கம் அது வருவதற்கு இருபது வருஷம் ஆகும், குடியானவர்களிடம் பேச வேண்டாம் என்றார். நான் பேசவில்லை. எல்லோரும்தான் பேசவில்லை.

உங்கள் காட்டில் சாகாத கீரையை முதல் வருஷம் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. மறுவருஷம் படத்துக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. வேறு காட்டை எங்கே தேடுவேன்?

அக்கா, தையில் என்னை நிரந்தரம் செய்கிறார்கள். அம்மாசியும் மற்றவர்களும் வந்து உங்கள் காட்டைப் பார்த்தால் மறுநாளே ஆபீசுக்குத் தெரியும். என் வேலை போய்விடும். சென்னியம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவர்கள் வருவதற்கு முன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பிடுங்கிவிடுங்கள். ஓமலூரிலிருந்து லாரியில் இருபது ஆள் அனுப்புகிறேன். பிடுங்கியதை அவர்களே எங்காவது கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள்.

உங்கள் தம்பி


காட்டுப்பாளையம்,
16-11-1981

கெங்கவல்லி அம்மாசி அண்ணனுக்கு, காட்டுப்பாளையம் சௌந்திரம் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் ஆடுமாடுகளும் நலம். உங்கள் வீட்டாரும் பெண்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

கட்டாயம் வாருங்கள். சாப்பாடு கட்டி வர வேண்டாம், இங்கே சாப்பிடலாம். ஆனால் என்னிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. காலண்டரில் நீங்கள் பார்ப்பது பொய். படம் பிடிப்பதற்கு முந்தின நாள் இரண்டு வண்டிக் கீரையை ஒன்பது பெண்கள் பிடுங்கினார்கள். தெளிப்பானை நான் என் ஆயுளில் சுமந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

உங்கள் மூலையில் முளைத்தது எருவின் சத்து அல்ல. என் காட்டில் மருந்துக்குச் சாகாத கீரையின் விதை. அந்த எருவில் அது இருந்தது. நான் அறிந்து அனுப்பவில்லை. ஆனாலும் அனுப்பியது என் கை. நீங்கள் அடிக்கத் தெரியாதவர் அல்ல. இனிமேல் அந்த மருந்தை அடிக்காதீர்கள், அடிக்க அடிக்கக் கீரைக்குத்தான் இடம் கிடைக்கும். பூ எடுப்பதற்குள் கையால் பிடுங்குங்கள். குப்பைக்குழியில் போடாமல், பாறையில் காயவைத்துக் கொளுத்துங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், நீங்களும் தின்னாதீர்கள். மற்றவர்களிடமும் சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

நீங்கள் வரும்வரை என் காட்டில் ஒரு செடியைக்கூடப் பிடுங்கமாட்டேன்.

இப்படிக்கு,
சௌந்திரம்


காட்டுப்பாளையம்,
14-12-1981

மருதாசலத்துக்கு,

நீ அனுப்பிய இருபது ஆளையும் லாரியோடு திருப்பி அனுப்பினேன். தெரிந்திருக்கும்.

அம்மாசியும் நாலு பேரும் சனிக்கிழமை வந்தார்கள். ஆத்தூரில் ஏறிச் சேலத்தில் மாறி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். காட்டைப் பார்த்தார்கள். ஒருவர் உட்கார்ந்துவிட்டார். ஒருவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். அம்மாசி மட்டும் குனிந்து ஒரு செடியின் தண்டைத் தடவிப் பார்த்தார். சாப்பிடும்போது, "கடுதாசி பாத்ததுமே தெரிஞ்சுபோச்சும்மா. ஆனா கண்ணால பாக்கணும்னு இருந்தது. எங்களுக்கு அடிக்கத் தெரியலன்னு இந்த வருஷம் பூரா எங்களையே திட்டிக்கிட்டிருந்தோம், அது தீந்துச்சு" என்றார்.

இன்னும் கேள். புறப்படும்போது அவர் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் வீட்டுக் குழியின் எரு, இரண்டு கைப்பிடி. விதை வாங்கியவர்கள் மறுவருஷம் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கமாம். என் கடிதம் வருவதற்கு முன்பே முடிந்து வைத்தது, கொண்டுவராமல் இருக்க மனசு ஒப்பவில்லை என்றார். "நீங்க இதை அடுப்புல போட்டாலும் சரிம்மா, நான் கொடுத்ததாத்தான் இருக்கணும்" என்றார். வாங்கிக்கொண்டேன். என் கையால் போன அழுக்கு இரட்டிப்பாக என் கைக்கே வந்தது. அவர் போனபின் கொல்லையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

அந்த முடிச்சை அடுப்பில் போடவில்லை. நான் சிரிக்கிற காலண்டர் தாளில் சுற்றி உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு தொட்டியில் போடு, தண்ணீர் ஊற்று, முளைத்ததும் உன் மருந்தை உன் கையால் அடி. செத்தால் எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

'மாதிரித் திடல்' என்று என் காட்டில் நட்டிருந்தீர்களே ஒரு தகரப் பலகை, அதைப் பிடுங்கி எருமைத் தொட்டிக்கு மூடியாகப் போட்டுவிட்டேன்.

பாப்பாவும் சென்னியம்மாளும் சுகமாக இருக்கட்டும்.

சௌந்திரம்


கெங்கவல்லி,
20-2-1982

நங்கைக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி சென்னியம்மாள் எழுதுவது.

நீங்கள் சுகமா? உங்களுக்கு நான் தனியாக எழுதும் முதல் கடிதம் இது. உங்கள் கடிதம் வந்தால் அவரே எனக்குப் படித்துக் காட்டுவார். முதல் நாலு வரி, கடைசி நாலு வரி, "எல்லாரும் சொகமாமா, உன்னையக் கேட்டாங்களாமா." அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

மார்கழியில் ஒரு பார்சல் வந்தது. அவர் பிரிக்காமலே பரணில் போட்டுவிட்டார். நான் எடுத்துப் பார்த்தேன், எரு. நங்கை வீட்டிலிருந்து வந்த எரு, பரணில் கிடந்து வீணாகலாமா என்று வாசலில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டேன். நாலே நாளில் கீரை முளைத்தது. அவர் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் முன் தொட்டிக்கு ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். கறிவேப்பிலைக்குப் பூச்சி விழுந்திருக்கிறது போல என்று நானும் கேட்கவில்லை. கறிவேப்பிலை பட்டுப்போயிற்று. கீரை தளதளவென்று வந்தது.

போன செவ்வாய்க்கிழமை வீட்டில் காய் இல்லை. அதைக் கிள்ளிக் கடைந்து, சோற்றில் பிசைந்து பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தட்டைத் தட்டிவிட்டு, பாப்பாவின் வாய்க்குள் விரலை விட்டுக் கக்க வைத்தார். "இதையா ஊட்டுனே? இதையா எம்புள்ளைக்கு ஊட்டுனே?" என்று கத்தினார். ஆத்தூர் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பாப்பா இப்போது சுகம், பயப்பட வேண்டாம்.

உப்பு மாதிரிதான், தின்னலாம் என்று இவர் ஊர் ஊராகச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அதனால்தான் எனக்கு விளங்கவில்லை. ஊருக்கெல்லாம் உப்பாக இருப்பது நம் வீட்டுத் தட்டில் மட்டும் எப்படி விஷமாயிற்று என்று கேட்டேன். மூன்று நாளாக அவர் வேலைக்குப் போகவில்லை. சோறு போட்டால் அப்படியே வைத்துவிடுகிறார். எனக்கு அவர் பக்கத்தில் உட்காரவே பிடிக்கவில்லை நங்கை. பொய்யில்லாமல் எழுதுகிறேன், அந்தக் கையைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது.

நேற்று அவர் பெட்டியைத் திறந்து உங்கள் கடிதங்களை எடுத்தேன். எனக்குப் படித்துக் காட்டாமல் விட்ட நடுப்பக்கங்களையெல்லாம் இப்போதுதான் படித்தேன்.

பாப்பா தின்றது இரண்டே வாய். குப்பாயியும் எட்டுப் பேரும் மடி நிறையக் கொண்டுபோனதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருந்திருக்கும். பள்ளிபாளையமோ குமாரபாளையமோ, எங்கே இருந்தாலும் ஆள் விட்டுத் தேடுங்கள். அன்று அந்தக் கீரையைத் தின்றவர்கள் எல்லோரும் சுகமா என்று கேட்டு, எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
சென்னியம்மாள்